கட்டிப்போட்டுவிட்டுப் போகிறவர்

நாற்பது தாண்டியும் காமிக்ஸ் படிக்கிறவனை எங்கள் பக்கம் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் ஒருத்தர் என் பையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "மாப்ளைக்கு இன்னும் பொம்மை பொஸ்தகந்தானுங்களா?" என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. இன்றைக்கு அந்த மாதிரி ஆட்களின் பிள்ளைகள்தான் எங்கள் காமிக்ஸ் ஹீரோவின் முகமூடிப் படம் போட்ட பனியனோடு மாலில் சுற்றுகிறார்கள். ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் அவரை "எங்க ஆளு" என்போம். நாங்கள் என்றால் இரண்டே பேர். நான் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். இன்னொருவர் பல்லடத்தில் விசைத்தறி போட்டிருக்கிறார், என்னைவிட இளையவர். உக்கடத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரே புத்தகத்தின் மேல் இரண்டு பேரும் கை வைத்தோம். "நீங்க எடுத்துக்குங்க." "இல்லீங்ணா, நீங்க எடுத்துக்குங்க." இப்படியே சொல்லிக்கொண்டு நின்றதில், மூன்றாவதாக வந்த ஒருத்தன் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்த வயிற்றெரிச்சலில் சேர்ந்து டீ குடிக்கப் போனோம். அப்படித்தான் பழக்கமானோம்.

எங்கள் ஆள் வெளிநாட்டுக்காரர். தமிழில் அவர் வந்தது சாணித்தாளில், கறுப்பு வெள்ளையில். அட்டை மட்டும் கலர். அதுவும் ஒரு மாதம் சட்டை பச்சையாக இருக்கும், அடுத்த மாதம் சிவப்பாகிவிடும். நண்பர் பச்சை என்பார், நான் சிவப்பு என்பேன், வருஷக்கணக்கில் சண்டை. ஆனால் ஒன்றில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. எங்கள் ஆள் கொல்ல மாட்டார். எப்பேர்ப்பட்ட அயோக்கியனாக இருந்தாலும் போலீஸ் ஸ்டேஷன் எதிரே விளக்குக் கம்பத்தில் கட்டிப்போட்டு, அவன் ஷூவைக் கழற்றி ஜோடியாகப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். கதையின் கடைசிக் கட்டம் எப்போதும் அந்த ஷூதான். தறிக்கூடத்தில் ஒரு தகராறில் ஓர் ஆளை அடிக்கக் கை ஓங்கிய நண்பர், அந்தக் கட்டம் ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டதாக என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் சிரிக்கவில்லை.

இப்போது நண்பருக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. நேராகப் பார்த்தால் புகை, ஓரத்தில்தான் கொஞ்சம் தெரியும். ஊசி போட்டும் பலனில்லை. புத்தகம் படிப்பது நின்றுபோனது. எங்கள் ஆளைப் படமாக எடுத்து, தமிழிலும் விடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவர்தான் போன் செய்தார்.

"ஏனுங்ணா, திரை பெருசுங்கள்ல. கொஞ்சம் தெரிஞ்சாலும் தெரியும். தெரியாததை நீங்க சொல்லுங்க. எம்பட பையங்கூடப் போனா எல்லாமே நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போடுவான்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் போனோம். பொய் சொல்ல மாட்டேன். எங்கள் ஆள் முதன்முதலில் மாடி விளிம்பில் வந்து நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. விரல் நீளக் கட்டத்துக்குள் பார்த்த மனுஷன், அத்தனை உயரம். நண்பர் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி ஓரக்கண்ணால் பிடிக்கப் பார்த்தார்.

"சட்டை என்ன கலருங்க?"

"கறுப்பு."

"அப்ப ரெண்டு பேருமே தோத்தமுங்க," என்று சிரித்தார்.

அப்புறம் எங்கள் ஆள் வாயைத் திறந்தார். மூடவே இல்லை. உதைத்தால் ஒரு ஜோக், உதை வாங்கினால் ஒரு ஜோக். "என்னுங்ணா இவ்வளவு பேசறாரு?" என்றார் நண்பர். "வாயாடிப்பயலாக்கிப் போட்டானுங்க," என்றேன். முன் வரிசையில் திரும்பி முறைத்தார்கள். முறைக்கட்டும்.

கடைசியில் வில்லன் மாட்டினான். கயிறு கையில் இருந்தது. விளக்குக் கம்பமும் எதிரிலேயே இருந்தது. எங்கள் ஆள் கயிற்றை வீசிவிட்டு, வில்லனின் கத்தியைப் பிடுங்கி அவன் நெஞ்சிலேயே இறக்கினார். பிறகு பிணத்தின் காலிலிருந்து ஷூவைக் கழற்றி, ஜோடியாக வைத்து, எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். தியேட்டர் முழுக்க விசில்.

அந்த விசிலைக் கேட்டதும் நண்பர் என் கையைப் பிடித்தார். "ஷூ வச்சாருங்களா?"

"வச்சாருங்க."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. "கம்பத்துலயே கட்டிப்போட்டாருங்களா?"

ஆமாங்க என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் மகனை விட்டுவிட்டு என்னைக் கூட்டி வந்ததே இதற்காகத்தானே.

"இல்லீங்க தம்பி. கொன்னுபோட்டு அப்பறந்தான் ஷூவைக் கழட்டுனாரு."

கையை எடுத்துக்கொண்டார். படம் முடியும்வரை தலையை எந்தப் பக்கமும் திருப்பவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்று நான் கத்தினேன். படம் எடுத்தவன் புத்தகம் படிக்காத முட்டாளாக இருந்தால்கூட மன்னித்துவிடுவேன். இவன் படித்திருக்கிறான். படிக்காதவனுக்கு ஷூ எப்படித் தெரியும்? தெரிந்தே செய்திருக்கிறான்.

"உடுங்ணா," என்றார் நண்பர். "நீங்க ஊட்டுக்குப் போய் பொஸ்தகத்தைத் திறந்து பாத்துக்குவீங்க. எனக்கு இனிமே கடைசியாப் பாத்தது இதுதானுங்க."

பல்லடம் பஸ் வந்தது, கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். "வாரேனுங்க," என்று போனார்.

அன்றைக்கு மறைத்திருக்க வேண்டுமோ என்று யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்க அந்த டைரக்டர் மேல்தான் ஆத்திரம் வருகிறது. நண்பரை நான்தான் போனில் கூப்பிடுகிறேன். தறி ஓடுகிறதா, மழை உண்டா என்று பேசிக்கொள்கிறோம். எங்கள் ஆளைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. போன வாரம் நானே கேட்டேன், பழைய கதை ஒன்றை எடுத்துப் படித்துக் காட்டட்டுமா என்று.

"வேண்டாமுங்ணா. அவரை நெனச்சாலே அந்த விசிலுதான் கேக்குது," என்றார்.

சரிங்க என்று போனை வைத்துவிட்டேன்.