குமுதாவின் சனிக்கிழமைத் தாள்

குமுதா இறந்துவிட்டார் என்று ஜெகன் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. யார் எதைச் சொன்னாலும் இன்னொரு இடத்தில் விசாரித்த பிறகுதான் நம்புவேன்; பிறவிக் குணம். குமுதாவின் எண்ணுக்கே போட்டேன். அவர் கணவர் எடுத்தார். "ஆமாங்க, காலையில. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்றார். அந்த மனுஷன் வாயாலேயே அதைச் சொல்ல வைத்தோமே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வேங்கிக்காலில் ஒரு சிமெண்ட் கடையின் மாடியில் நாங்கள் வேலை பார்த்தோம். லாட்ஜுகளுக்கும் மண்டிகளுக்கும் புரோகிராம் எழுதித் தருகிற சின்ன ஆபீஸ். குமுதா, நான், இன்னும் இரண்டு பேர் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதுவோம். ஜெகன் மெஷின்களைப் பார்த்துக்கொள்வான். இதைப் படிக்கிற உங்களில் பலர் அந்த மாடிக்கு வந்து எங்களோடு டீ குடித்தவர்கள்தான்.

சனிக்கிழமை காலையில் தண்ணீர் கேனுக்கு மேலே குமுதா ஒரு தாளை ஒட்டுவார். பைத்தானில் அந்த வாரம் என்ன புதிது, இலவசமாக என்ன கருவி வந்திருக்கிறது, அது எதற்கு உதவும் என்று கையெழுத்தில் ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் கீழே "ஓட்டிப் பார்த்தேன்" என்று எழுதி, எங்கே உடைந்தது என்பதையும் சேர்த்திருப்பார். முதல் தாளைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. "ஓசியில எவன் குடுப்பான்? உள்ள எதையாவது வச்சிருப்பான்" என்றேன். குமுதா சிரித்தார். "ஓசின்னு பயப்படாதீங்க சேகர். ஓட்டிப் பாக்காமலே ஒருத்தர் நல்லாருக்குன்னு சொன்னா, அப்போ பயப்படுங்க."

கருவிகள் மேல் இருந்த சந்தேகம் மெல்ல அவர் மேலும் ஏறியது. ஆபீசில் இணைப்பு ஆமை வேகம். அதனால் சாயங்காலம் செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவார். ஒருநாள் அங்கே ஒரு வெள்ளைக்காரரிடம் பேப்பரைப் பரப்பி வைத்துக்கொண்டு பேசுவதைப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து, நான் பக்கத்தில் போனதும் சட்டென்று திரையை மாற்றினார். போதாதா எனக்கு? அவர் மெஷினைப் பூட்டாமல் சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம் உட்கார்ந்து துழாவினேன். என் பெயரில் ஒரு ஃபோல்டர். உள்ளே நான் எழுதிய புரோகிராம்கள் அத்தனையும். அடிப்பாவி, என் உழைப்பை மூட்டை கட்டி விற்கிறாளே என்று வயிறு எரிந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேராக முதலாளியிடம் போய், என் பெயர் வெளியே வரக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு போட்டுக்கொடுத்தேன்.

மறுநாள் முதலாளி எல்லோர் முன்னாலும் அந்த ஃபோல்டரைத் திறக்கச் சொன்னார். குமுதா திறந்தார். பைத்தான் மூன்று என்ற புதிய பதிப்பு வந்த சமயம் அது. பழைய புரோகிராமைப் புதியதுக்கு மாற்றித் தரும் கருவியும் கூடவே வந்திருந்தது. அதைத்தான் என் புரோகிராம்களின் நகலில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். கீழ்பென்னாத்தூர் நிலக்கடலை மண்டிக்கு நான் எழுதியதை எடுத்தார். "தொண்ணூறு மூட்டை மல்லாட்டை சார். வேனுக்கு நாப்பது. பழசுல வகுத்தா ரெண்டுன்னு முழுசா வரும், மீதியை அடுத்த வரி பாத்துக்கும். இந்த டூல் எல்லாத்தையும் மாத்திடுச்சு, வகுத்தலை மட்டும் அப்படியே விட்டுடுச்சு. புதுசுல என்ன வருது பாருங்க." திரையில் 2.25 என்று வந்தது. "ரெண்டே கால் வேனை எப்படி சார் அனுப்புவாங்க?"

அந்த வெள்ளைக்காரரும் புரோகிராம் எழுதுகிறவர்தானாம். இந்த வகுத்தல் விஷயத்தைத்தான் குமுதா அவரிடம் கேட்டிருக்கிறார். "இதை ஏம்மா மறைக்கணும்?" என்றார் முதலாளி. "சேகர் மனசு கஷ்டப்படும் சார். சரி பண்ணிட்டு அவர்கிட்ட காட்டலாம்னு இருந்தேன்." முதலாளி "சரி சரி, வேலையைப் பாருங்க" என்று எழுந்து போனார். தப்பாக நினைத்துவிட்டேன் என்று அவரும் சொல்லவில்லை. நானும் போய் என் மேசையில் உட்கார்ந்துகொண்டேன்.

போட்டுக்கொடுத்தது யார் என்ற பேச்சு அன்றைக்கே கிளம்பியது. "எல்லா பாஸ்வேர்டும் ஜெகன்கிட்டதானே இருக்கு?" என்றார் ஒருவர். அவ்வளவுதான், பழி அவன் தலையில் விழுந்தது. குமுதாதான் தடுத்தார். "டூலை சந்தேகப்படுங்க, அதுக்கு வலிக்காது. இந்தப் பேச்சை விடுங்க" என்றார். யாரும் விடவில்லை. ஜெகன் டிபன் பாக்ஸைத் திறந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள். நானும் எழுந்து போனேன். மூன்று மாதத்தில் அவன் வேலூரில் வேறு வேலை பார்த்துக்கொண்டான். பஸ் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். சீ, நானும் ஒரு மனுஷன்!

குமுதா தாளை நிறுத்தவில்லை. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் மேசைக்கு வந்து, "உங்க புரோகிராம்ல ஓட்டிப் பாக்கட்டுமா சேகர்?" என்று கேட்பார். நான் தலையாட்டும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். இவருக்குத் தெரியுமோ, தெரிந்துதான் கேட்கிறாரோ என்று அந்த முகத்தை நானும் துழாவுவேன். ஒன்றும் பிடிபடாது. "ம், பாருங்க" என்பேன். ஆபீஸையே இழுத்து மூடிய நாள்வரை இப்படியே நடந்தது.

சாவு வீட்டில் ஜெகன் என் பக்கத்தில் வந்து நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. மாலையைப் போட்டுவிட்டு வந்து மெதுவாகச் சொன்னான்: "கடைசி வரைக்கும் நான்தான் போட்டுக்கொடுத்தேன்னு நெனச்சிக்கினே போயிட்டாங்க இல்ல, சேகரு?" அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். ஜெகன், அன்றைக்கு முதலாளியிடம் போனவன் நான். நீ தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதெல்லாம் என்னால்.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற இருவரின் புரோகிராம்களிலும் குமுதா ஓட்டிப் பார்த்தார். அவர்களிடம் ஒருநாளும் அனுமதி கேட்டதில்லை. அவர்களையே விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என்னிடம் மட்டும்தான் கேட்டார். குமுதாவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். போட்டுக்கொடுத்தது நீ என்று அவர் நினைக்கவே இல்லையப்பா. வாராவாரம் என் மேசைக்கு வந்துதான் நின்றார்.