ஃபியூச்சர்ஸ் வகுப்பும் நான் சொன்ன உதாரணமும்

தொண்ணூற்றேழாம் வருடம் அது. மலாக்கா டவுனில் ஃபியூச்சர்ஸ் வணிகம் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியின் சின்னக் கிளையில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. வாய் மட்டும் நாற்பது வயதுக்காரிக்கு இருக்க வேண்டியது.

பங்குச் சந்தை என்றால் அப்போது எல்லாருக்கும் ஒரு கிறுக்கு. மீன் கடைக்காரர்கூட இன்றைக்கு என்ன விலை என்று விசாரித்துவிட்டுத்தான் மீனை வெட்டுவார். அதிலும் ஃபியூச்சர்ஸ் என்பது புதுசு. நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க யாருமில்லையே என்று கோயில் நிர்வாகத்தினர் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான் பாக்கி, அடுத்த ஞாயிறு காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மண்டபத்தில் போய் நின்றுவிட்டேன்.

நாற்பது பேர் இருப்பார்கள். கரும்பலகையில் கோடு போட்டு விளக்கினேன். பங்குகளை வாங்கவே வேண்டாம். சந்தையின் மொத்தப் போக்கைக் காட்டும் குறியீட்டு எண் ஒன்று உண்டு. சில மாதம் கழித்து அது எவ்வளவில் இருக்கும் என்பதற்கு இன்றைக்கே ஒரு விலை பேசி ஒப்பந்தம் போடுகிறோம். ஏறும் என்று நினைத்தால் வாங்கலாம். இறங்கும் என்று நினைத்தால், கையில் ஒன்றுமே இல்லாமல் முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்கலாம். முழுத் தொகையும் கட்ட வேண்டாம், ஒரு பகுதியை மட்டும் முன்பணமாகக் கட்டினால் போதும். அதுவரை நான் சொன்னதெல்லாம் சரிதான்.

பின் வரிசையில் இருந்த ஒருவர் கையைத் தூக்கி, அந்த முன்பணம் என்றால் என்ன கணக்கு என்று கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"வீட்டுக்கு புக்கிங் காசு கட்டுறோம்ல அண்ணே, அது மாதிரிதான்."

மண்டபமே தலையாட்டியது. கை தட்டினார்கள். நான் தலைகால் புரியாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

கேள்வி கேட்ட அந்த அண்ணன் அடுத்த வாரமே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். செர்காம் போகும் வழியில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், சில மாதங்களில் அவர்கள் இருந்த தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்ய வேண்டும். புக்கிட் ரம்பாயில் ஒரு வீட்டுக்கு புக்கிங் போட்டிருந்தார். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது கட்ட வேண்டிய மீதிப் பணமும் கொஞ்சம் சேமிப்பும் பேங்கில் இருந்தன. அதில் கொஞ்சம் எடுத்துப் பெருக்கினால், மனைவிக்குக் கிச்சனைப் பெரிதாக்கிக் கொடுக்கலாம் என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். ஏறும் என்று நம்பி ஒரே ஒரு ஒப்பந்தம் வாங்கினார்.

இரண்டு வாரம் லேசாக ஏறியது. பிறகு சந்தை விழ ஆரம்பித்தது. அந்த வருடம் எப்படி விழுந்தது என்பது அந்தக் காலத்தவர்களுக்குத் தெரியும். ஃபியூச்சர்ஸில் ஒவ்வொரு நாளும் சந்தை மூடியதும் அன்றைய நஷ்டத்தை முன்பணத்தில் கழித்துவிடுவார்கள். முன்பணம் ஓர் அளவுக்குக் கீழே போனால், மேலும் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் போகும். அவருக்கும் போனது.

ஒரு நாள் மதியம் அவரே பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி, லெட்டர் வந்துச்சு. நான் மேல கட்டலம்மா. போனது போவட்டும், ஹங்குஸ் ஆனா ஆவட்டும் லா. நீ ஒன்னும் மனசுல வச்சுக்காத."

"அண்ணே, அது அப்படி இல்ல..."

காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது.

வீட்டுக்கு புக்கிங் போட்டுவிட்டுப் பின்வாங்கினால் கட்டிய பணம் ஹங்குஸ், அதாவது கரிந்து போச்சு என்பார்கள். அதோடு விட்டது, மேற்கொண்டு யாரும் கேட்டு வர மாட்டார்கள். ஃபியூச்சர்ஸ் முன்பணம் அப்படியில்லை. வாங்கிய ஒப்பந்தத்தைத் திரும்ப விற்று முடிக்காத வரை, கட்டிய பணத்துக்கு மேலேயும் நஷ்டம் போய்க்கொண்டே இருக்கும், அவ்வளவும் அவர் தலையில்தான் விழும். அந்த மனிதர் கட்டியது மட்டும் போகும் என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். அந்த நிம்மதியைக் கொடுத்தவள் நான்.

மேலாளரிடம் ஓடினேன். கடிதம் அனுப்பியாகிவிட்டது, நாளைக்குள் கட்டாவிட்டால் கம்பெனியே ஒப்பந்தத்தை முடித்துவிடும் என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார். நாளைக்குள் எவ்வளவு விழும் என்று யாருக்குத் தெரியும்? அந்த அண்ணனே சொன்னால்தான் இன்றைக்கே முடிக்க முடியும், அவர் வீட்டில் போனும் இல்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு டாக்சி பிடித்தேன். வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

அவர் லயத்து வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். மனைவி பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணன், "வாம்மா, சாப்டியா?" என்றுதான் கேட்டார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

அந்த அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "அப்ப வீட்டுக் காசும் போயிருமா?"

"இன்னிக்கே முடிச்சா கொஞ்சம்தான்க்கா போகும். விட்டா எவ்ளோன்னு தெரியாது."

திரும்ப ஏறும் என்று எல்லாரும் சொல்கிறார்களே என்று அண்ணன் தயங்கினார். அப்போதுதான் எனக்குச் சொல்ல வாய் வந்தது.

"ஏறுமா இறங்குமான்னு எனக்குத் தெரியாதுண்ணே. ஆனா அன்னிக்கு நான் சொன்ன உதாரணமே தப்பு. உங்களுக்குப் புரியாம இல்ல. நான்தான் தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன்."

அறைவார் என்றுகூட நினைத்தேன். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அக்கா ஒரு கைநிறையச் சில்லறை கொடுத்தார். மூன்று பேரும் தோட்டத்து வாசலில் இருந்த கடைக்கு நடந்தோம். அங்கிருந்த தொலைபேசியில் சந்தையில் வாங்கி விற்கும் எங்கள் டீலரைக் கூப்பிட்டு, முடித்துவிடும்படி அண்ணனே சொன்னார். கட்டிய முன்பணமும் போனது, அதற்கு மேல் கொஞ்சமும் போனது. கிச்சன் இனி இல்லை. வீடு தப்பியது. அடுத்த வாரங்களில் சந்தை இன்னும் எவ்வளவு விழுந்தது என்று அலுவலகத் திரையில் பார்க்கும்போதெல்லாம் அந்த வீட்டைத்தான் நினைத்துக்கொள்வேன்.

போனை வைத்ததும் நான் அழுதுவிட்டேன். பணம் போனது அவர்களுக்கு, ஒப்பாரி வைத்தது நான். "ஐயே, கண்ணத் தொடச்சிக்க. வா, வந்து சாப்பிடு" என்று அந்த அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சோறும் நெத்திலிச் சம்பலும் போட்டார். சம்பலை என் பக்கம் நகர்த்திக்கொண்டே அண்ணன் கேட்டார்.

"அன்னிக்கு மண்டபத்துல இருந்தவங்க அத்தன பேரும் இதத்தான நம்பிக்கிட்டு இருப்பாங்க?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. சொந்தப் பணம் போன அரை மணி நேரத்தில் அவருக்குத் தோன்றியது.

"வர்ற ஞாயித்துக்கிழம திரும்பி கிளாஸ் போடும்மா. நானும் வர்றேன்."

போட்டேன். இந்த முறை பட்டுப்புடவை கட்டவில்லை. நான் அன்று சொன்னது தவறு என்று ஆரம்பித்ததுமே கூட்டத்தில் சலசலப்பு. முன் வரிசையில் ஒருவர், "அப்ப அன்னிக்கு எதுக்கு லா வாய் கிழியப் பேசின?" என்று சத்தமாகவே கேட்டார். ஜென்மத்தில் முதல்முறையாக எனக்குப் பேச்சு நின்றுபோனது.

பின்னாலிருந்து அந்த அண்ணன் எழுந்து வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. என் பக்கத்தில் வந்து நின்றார். நம் ஆட்கள் நாற்பது பேர் முன்னால் காசைத் தொலைத்தேன் என்று ஓர் ஆண்பிள்ளை எழுந்து நின்று சொல்வது லேசான காரியமா?

"நான் ஒன்னு வாங்கினேன். கட்டுன காசும் போச்சு, அதுக்கு மேலயும் போச்சு. இந்தப் பொண்ணு தோட்டம் வரைக்கும் தேடி வரலன்னா, என் வீடும் போயிருக்கும். சொல்றத ஒழுங்கா கேளுங்க."

அவ்வளவுதான் சொன்னார். என் தவறைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கும் திரும்பிப் போகவில்லை. நான் முதலிலிருந்து மறுபடி விளக்கி முடிக்கும்வரை, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். வகுப்பு முடிந்ததும் நான்கு பேர் என்னைத் தேடி வந்து, தங்கள் ஒப்பந்தங்களைத் திங்கட்கிழமை காலையிலேயே முடித்துவிடலாமா என்று கேட்டார்கள்.

அந்த வேலையை விட்டு எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் யாருக்காவது எதையாவது விளக்க வாயைத் திறந்தால், எவ்வளவு வரும் என்பதற்கு முன்னால் எவ்வளவு போகும் என்பதைத்தான் சொல்கிறேன், அதைச் சொல்லி முடிக்கும்வரை அந்த அண்ணன் என் பக்கத்தில் நிற்பதாகவே எனக்கு இருக்கும்.