‘தாய்வீடு சென்றார்’

நகல் எடுக்கும் ஸ்டென்சில் தாளில் பதினோராவது வரியை அடித்து முடித்திருந்தேன். மேசைமேல் ஒரு துண்டுச்சீட்டு வந்து விழுந்தது. “பன்னண்டாவதா இத ஒண்ணு சேத்துடுங்க, டைப்பிஸ்டம்மா.” நிமிர்ந்தால், மாரண்டஹள்ளிப் பக்கத்துக் கிராம நர்ஸம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். சீட்டில் ‘பிரசவத்தில் தாய் இறப்பு’ என்று இருந்தது.

எண்பதுகளில் தர்மபுரியில் ஒரு சுகாதார அலுவலகத்தில் நான் தட்டச்சர். மாதக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் அடித்து அனுப்புவது என் வேலை. நிரலில் இல்லாததைக் கூட்டத்தில் யாரும் வாய்திறந்து பேச முடியாது. குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குதான் எப்போதும் ஒன்றாவது. பிறகு மலேரியா, கிணற்றுக்குக் குளோரின், ஜீப்புக்கு டீசல். கழிப்பறைக் கதவு உடைந்ததுகூடப் பத்தாவதாக இருந்தது. பிள்ளை பெற்றுச் சாகிறவள் எங்கேயும் இல்லை. வருஷக்கணக்காக அடித்துத் தள்ளிய எனக்கும் அது உறைக்கவில்லை, வெட்கக்கேடு.

எங்கள் அலுவலகத் தலைவரான பெரிய டாக்டர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. “எல்லா ரெஜிஸ்டர்லயும் பூஜ்யம்தான் வருது. நடக்காததப் பத்தி என்னம்மா பேசறது?” என்றார். நியாயமான கேள்விதான். நர்ஸம்மா நேரே என் அறைக்கு வந்து உட்கார்ந்து, அந்தப் பூஜ்யம் எப்படி விழுகிறது என்று சொன்னார்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். பதிவேட்டில் அவள் பெயர் இருப்பதோ புருஷன் ஊரில். ஏழாம் மாதம் அவள் கிளம்பியதும் இந்த ஊர் நர்ஸ் ‘தாய்வீடு சென்றார்’ என்று எழுதி மூடிவிடுவார். தாய்வீட்டு ஊர் நர்ஸுக்கோ அவள் கணக்கில் வராத பெண். செத்தால் இரண்டு பதிவேட்டிலும் இருக்க மாட்டாள். நர்ஸம்மாவும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். மாதங்கள் கழித்து, ஊரில் வேறு குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப் போனபோது, மருமகள் எப்போது வருவாள் என்று அப்படிப் போன ஒருத்தியின் மாமியாரைக் கேட்டிருக்கிறார். அந்த அம்மா களைவெட்டை நிறுத்தாமலே, “யாருங்க வரப்போறா? அவள மண்ணுல வெச்சு மூணு மாசம் ஆச்சுங்களே. புள்ள அவ அம்மா வூட்டுல கெடக்குது” என்றாளாம். கடத்தூர்ப் பக்கம் தாய்வீடு. ரத்தம் நிற்காமல் கட்டிலோடு ரோட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். பஸ் வருமுன்னே போய்விட்டாள்.

“இதக் கூட்டத்துல சொன்னா உங்களுக்குத்தான் மெமோ வரும்” என்றேன். பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது, அடித்தவளே நான்தானே. அவருக்கும் தெரியும். “வரட்டும்ங்க. நான் எழுதுன பொய்ய நான்தான சொல்லணும்?” என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பன்னிரண்டாவது வரியை அடித்தேன். பெரிய டாக்டர், “இத அழிச்சுடும்மா” என்றபோது, திருத்துகிற மை தீர்ந்துவிட்டது, புது ஸ்டென்சிலும் இல்லை என்று கூசாமல் புளுகினேன். இரண்டும் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தன. முறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கூட்டத்தில் நர்ஸம்மா எழுந்தபோது பாதிப்பேர் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். “அந்தப் பூஜ்யத்த எழுதுனவ நான்தாங்க” என்று ஆரம்பித்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பிறகு மற்ற நர்ஸுகள் பக்கம் திரும்பி, “தாய்வூட்டுக்குப் போனான்னு நாம எழுதுனவங்க திரும்பி வந்தாங்களான்னு யாராச்சும் போய்ப் பாத்தமா?” என்றார். பின்வரிசையிலிருந்து கடத்தூர்ப் பக்கத்து நர்ஸ் எழுந்தார். “அந்தப் பொண்ணு செத்தது எங்கூர்லதாங்க. எங்க லிஸ்ட்ல இல்லாத பேருன்னு நானும் உட்டுட்டேன்.” சொல்லும்போதே அழுதுவிட்டார். சுற்றிலும் பதிவேடுகளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

பெரிய டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “அப்படி எழுதுன ஒவ்வொரு பேரையும் தேடிப் பாத்துட்டு அடுத்த மாசம் வாங்க” என்றார். என்னிடம், “இத ஒண்ணாவதா போடும்மா” என்றார்.

மெமோவும் வரத்தான் செய்தது. அதையும் நான்தான் அடித்தேன். பட்டியலில் நர்ஸம்மாவின் பெயர் கீழே இறங்கியது. அதற்காக அவர் ஒருநாளும் மூக்கைச் சிந்தவில்லை. கர்ப்பிணி தாய்வீடு கிளம்பினால் அந்த ஊர் நர்ஸுக்குத் தபால் கார்டு போடும் வழக்கம் அந்த வருஷம் வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு மட்டுமே ஓடிய ஜீப் வலி எடுத்தவளுக்கும் ஓடியது. இன்று ஒரு தாய் இறந்தால் மேலிடம் வரைக்கும் விசாரிக்கிறார்கள். இது ஏதோ ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று சின்னவர்கள் நினைக்கிறார்கள். இல்லை, ஒருத்தி எழுந்து நின்றாள், அதனால் வந்தது என்று நான் அடித்துச் சொல்வேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு நர்ஸாக எழுந்து, திரும்பி வராமலே செத்துப்போனவர்களின் பெயர், வயது, தாய்வீட்டு ஊர் என்று சொன்னார்கள். கூட்டத்தில் பேசுவதை நான் எழுதிவைக்கும் குறிப்பேட்டில் ஒன்றாவது பொருளுக்கு நாலு வரி இடம் விட்டிருந்தேன். இரண்டாவது நர்ஸ் உட்காருவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது.