அண்ணன் பேரில் போட்ட வழக்கு

டெல்ஃபியா என் சின்னம்மா மகள். கென்டக்கி மலையில் எங்கள் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பீன்ஸும் சோளரொட்டியும் சமைத்துப் போட்டே பாதி ஆயுளைக் கழித்தவள். அவளுடைய அண்ணன் ஹார்லிஸ். பொய் பேசாதவன் என்று எங்கள் சர்ச் சபையில் அவர்கள் அப்பாவுக்கு இருந்த பேர், அவருக்குப் பின் அவனுக்குத்தான் வந்தது.

ஒரு மழைநாளில் ஹார்லிஸ் வீட்டுத் தாழ்வாரத்தில் பலகை உடைந்து இவள் விழுந்தாள். தோள் முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால்தான் கை மேலே எழும் என்றார்கள். கை எழாமல் சமையல் வேலை ஏது?

ஹார்லிஸே சொன்னான்: "வீட்டு இன்சூரன்ஸுக்குக் கட்டிக்கிட்டேதானே கெடக்கேன். அவன்கிட்ட வாங்கு புள்ள. இதுல என்ன வெக்கம்?"

வக்கீல் ஒருவர் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைச் சேர்த்து, இவ்வளவு வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதினார். கம்பெனிக்காரன் இழுத்தடித்துவிட்டுக் கால்வாசி கூடத் தேறாத தொகையைச் சொன்னான். அவளுக்கு முன்பே மூட்டுவாதம் இருந்ததாம், பார்த்து நடந்திருக்க வேண்டுமாம். வக்கீல் கொஞ்சம் இறங்கினார், அவன் கொஞ்சம் ஏறினான், பிறகு அசையவே இல்லை. விழுந்து ஒரு வருஷம் ஆவதற்குள் வழக்குப் போடாவிட்டால் கேட்கிற உரிமையே போய்விடும் என்றார் வக்கீல்.

"போடுங்க" என்றாள். கம்பெனி மேல்தான் வழக்கு என்று நினைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்துச் சட்டப்படி வழக்கில் வீட்டுக்காரன் பேர்தான் வரும். அவர் விளக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

சனிக்கிழமைக் கூட்டம் முடிந்து சபை வாசலில் எல்லாரும் நின்றிருந்தபோது, ஷெரீப்பின் ஆள் ஆர்வில் வந்து ஹார்லிஸ் கையில் தாளைக் கொடுத்தான்.

"ஒங்க தங்கச்சி ஒங்கமேல கேஸ் போட்டிருக்குண்ணே. வீட்டுக்கு வந்தா ஒங்க நாய் கடிக்கும், அதான் இங்கயே வந்துட்டேன்."

எங்கள் சித்தப்பா எல்பர்ட் சும்மா இருப்பாரா? "போன கிறிஸ்துமஸுக்கு அண்ணனுக்கு சாக்ஸ் குடுத்தே, இந்த வருஷம் சம்மனா? தேறிட்டியே டெல்ஃபியா!"

சிரித்தவர்களில் பாதிப்பேர் எங்கள் ரத்தம். அவள் கழுத்துவரை சிவந்துபோனாள். "எனக்குத் தெரியாதுண்ணே" என்றாள்.

"தெரியும், விடு" என்று தாளை மடித்துக்கொண்டான் ஹார்லிஸ்.

பிறகு இருவரையும் ஒரு நாள் வரவழைத்தார்கள். கோர்ட்டு இல்லை, பாங்கு மாடியில் ஓர் அறை. சத்தியம் வாங்கிக்கொண்டு வக்கீல்கள் கேட்பார்கள், ஒருத்தி தட்டச்சு செய்வாள். முதலில் டெல்ஃபியா.

"அந்தப் பலகை சரியில்லன்னு யாராச்சும் முன்னாடி சொன்னாங்களாம்மா?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல்.

ஹார்லிஸ் சொல்லியிருந்தான். சொல்லியும் மிதித்தாள் என்று தெரிந்தால் கம்பெனி கைவிரித்துவிடும். அன்று அவள் படியேறும்போதே, "நடுப்பலகையத் தாண்டி மிதி புள்ள" என்று உள்ளேயிருந்து கத்தியிருந்தான். அவள் காதிலும் விழுந்தது. பின்னாளில் என்னிடம் இதைச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அறையில் தோள் வலி தெறித்தது. "இல்ல" என்றாள்.

அடுத்து ஹார்லிஸ். அதே கேள்வி. அவன் தங்கச்சியை ஒரு முறை பார்த்தான்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். சொல்லல."

அதன் பிறகு கம்பெனி பணம் கொடுக்க இறங்கி வந்தது. ஜட்ஜ் முகத்தைப் பார்க்காமலேயே வழக்கு முடிந்தது. ஆபரேஷனும் ஆயிற்று, கையும் எழுந்தது.

கோடையில் எங்கள் சபையில் அப்பம் பிட்கிற திருவிருந்து நடந்தால் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மனசில் தீராத குற்றம் உள்ளவன் அப்பத்தையும் தொடமாட்டான், தண்ணீரையும் தொடமாட்டான். அந்த வருஷம் ஹார்லிஸ் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா, கழுவ முடியாத அளவுக்கா அழுக்கு?" என்றார் எல்பர்ட் சித்தப்பா.

"முட்டி மடங்க மாட்டேங்குது சித்தப்பா."

பெண்கள் பக்கத்தில் டெல்ஃபியா அப்போது மண்டியிட்டு என் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. தொட்டியில் என் கால் ஊறிக்கொண்டிருக்க, இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். அத்தனை பேரும் பார்க்க ஆண்கள் பக்கத்துக்கு நடந்து, அவன் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒனக்கென்ன?" என்றான், திரும்பாமலே.

"எனக்கும் முட்டிதான்ணே."

அவன் சிரிக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.