மெலிந்ததற்கு வாழ்த்து வாங்கிய என் அத்தான்

விடிந்ததும் போன் வந்தது. "மாமா, அப்பா தவறிட்டாக. தூக்கத்துலயே போய்ட்டாக, நல்ல சாவு" என்றான் என் அக்காள் மகன். அதில் நல்லது எது என்று நான் கேட்கவில்லை.

என் அத்தான் போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்த்தவர். அவர் பந்தியில் உட்கார்ந்தால் சமையல்காரர் அடுத்த அண்டாவுக்கு அடுப்பு மூட்டுவார். அவர் ஏப்பம் விட்டால் போடிமெட்டில் லாரிகள் ஒதுங்கி வழிவிடும்.

அக்காள் போன பிறகு, பழனிசெட்டிபட்டியில் மகன் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தார். பல்செட் தளர்ந்து ஈறில் குத்தியது. முதலில் கறியை விட்டார், பிறகு சோற்றை, கடைசியில் டீயும் ரஸ்க்கும்தான். சர்க்கரை குறைந்தது என்று வீடே கொண்டாடியது. பார்க்க வந்த மகா மேதைகள், "என்ன மாமா, புது மாப்பிள்ளை கணக்கா ஆயிட்டீக" என்று கை குலுக்கினார்கள். குலுக்கிய கையிலிருந்து மோதிரம் கழன்று விழுந்தது. "பழைய மோதிரம், தேஞ்சு லூஸாயிருச்சு" என்று மருமகள் தீர்ப்பளித்து நூல் சுற்றினாள். மாதாமாதம் சுற்றினாள். அந்த நூலுக்கு ஆண்டிபட்டித் தறியில் ஒரு சேலையே நெய்திருக்கலாம். விரல் எங்கே போனது என்று ஒரு மேதைக்கும் தோன்றவில்லை.

நான்தான் அவரைப் பெரியகுளத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். மகனும் வந்தான். அந்தம்மா எடை பார்த்தார், கெண்டைக்காலைச் சுற்றி டேப் வைத்து அளந்தார். "ஆறு மாசமா இளைச்சுக்கிட்டே வர்றீங்களா ஐயா? மென்னு சாப்பிட முடியுதா?"

"நல்லாச் சாப்பிடுறாக டாக்டர். வயசானா இளைக்கத்தானே செய்யும்" என்றான் மகன்.

"நான் உங்களைக் கேக்கல."

அத்தான் மெதுவாகச் சொன்னார்: "பல்லு குத்துதும்மா. தனியா உக்காந்தா சோறும் இறங்க மாட்டேங்குது."

"இது வயசு இல்ல, பட்டினி" என்றார் அந்தம்மா. முட்டை, குழைந்த பருப்புச் சோறு, புதுப் பல்செட், கூட உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள். அவ்வளவுதான் அவர் சொன்ன வைத்தியம்.

வீடு திரும்பியதும் உச்ச நீதிமன்றம் கூடியது. முட்டை, கொழுப்பு என்று தள்ளுபடி. பல்செட், இந்த வயதில் எதற்கு என்று தள்ளுபடி. கூட உட்கார யாருக்கும் நேரமில்லை.

"ஏலே, உங்கப்பா காஞ்சுக்கிட்டு வர்றாகடா" என்றேன்.

"சுகர் நார்மல் மாமா" என்று, உலகக் கோப்பையைத் தூக்கிக் காட்டுவது போல ரிப்போர்ட்டைக் காட்டினான்.

சுடுகாட்டுக்குத் தூக்கியபோது நானும் தோள் கொடுத்தேன். மாலைகளின் கனம்தான் தெரிந்தது. கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன மகன் திரும்பி, "அப்பா கடைசி வரைக்கும் யாருக்கும் பாரமா இருக்கல" என்றான். கூட்டம் தலையாட்டியது.

போய் வாருங்கள், அத்தான். போகிற இடத்தில் முதல் பந்தியிலேயே உட்காருங்கள். போதுமா என்று கேட்டால், போதாது என்று சொல்லுங்கள்.