இரண்டு குருசடி காட்டிய வரைபடம்

மௌஸைப் பிடித்து வேலை செய்கிறவர்களைக் கண்டால் ஜெயபாய்க்கு இளக்காரம். கிளிக்கு கோஷ்டி என்பாள். பத்து விரலும் சரியாக இருக்கிற மனிதன், தனக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்கத் துப்பில்லாமல், படத்தைத் தட்டித் தட்டிப் பிச்சை எடுக்கிறான் என்பது அவள் கட்சி.

கொட்டாரத்துக்காரி. வடசேரியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பத்தொன்பது வருஷம் டீச்சர். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் பாஸ். அந்த இன்ஸ்டிடியூட்டை மூடியபோது அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "நல்ல காலம், இந்தக் கழுதைகளுக்கு இனி நான் ஆசிரியை இல்லை" என்றுதான் சொன்னாள். கணவர் முத்துநாயகத்துக்குக் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் எடை போடும் வேலை. சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியும் முன்னே எஸ்டேட் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். அதனால் அவளுடைய இளக்காரம் அவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் கிடைத்தது. மிச்சம் ஆறு நாளும் குமாரதாஸுக்குப் போயிற்று.

குமாரதாஸ் மஸ்கட்டில் பதினேழு வருஷம் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் ஸ்பேனர் எண்ணிக்கொண்டிருந்தவர். சுனாமிக்குப் பிறகு கடற்கரை முழுக்க சர்வே, கணக்கெடுப்பு, திட்ட அறிக்கை என்று ஆட்கள் அலைந்ததைப் பார்த்தார். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற கடைக்கு மாடியில், 'ஸ்மிதா ஜியோ சொல்யூஷன்ஸ்' என்று போர்டு மாட்டினார். ஸ்மிதா அவருடைய மகள். ஜியோ என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. நான்கு பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கையில் பிடிக்கிற ஜி.பி.எஸ். பெட்டி ஒன்று, அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைய சங்கிலி இழுத்து நிலம் அளந்து பழகிய ஜான்ரோஸ் என்ற பழைய சர்வேயர் ஒருவர். உட்கார்ந்து அடிக்க ஜெயபாய். 2006-ஆம் வருஷம் அது.

வரைபட மென்பொருள் கிராஸ். இலவசமாகக் கிடைப்பது. குமாரதாஸ் வருகிறவர்களிடமெல்லாம் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கியதாகச் சொல்வார். படமும் பட்டனுமாக அதைத் திறந்தால் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர்கள் மூச்சு முட்டி நின்றுவிடும். கறுப்புத் திரையில் எழுத்தாகத் திறந்தால் ஓடும். மென்பொருளின் பெயர், ஒரு கோடு, டெக்ஸ்ட் என்ற சொல், பிறகு எந்த ஊர் வரைபடம் எந்த அடுக்கில் கிடக்கிறது என்ற வழி. இதை ஒரே வரியாக அடித்து என்டர் தட்ட வேண்டும். ஜெயபாய் முன்னூறு பக்கக் கையேட்டை அச்செடுத்து, கொட்டாரம் பஸ்ஸில் போக வர ஒரு மாதத்தில் படித்து முடித்தாள். புரியாத இடத்தில் எழுதினவனைத் திட்டினாள். மறுநாள் புரிந்ததும் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

குமாரதாஸுக்குக் கறுப்புத் திரை அவமானமாக இருந்தது. "டீச்சரே, ஆளுவ வரும்போது இந்த எளவ மறச்சு வையும். கம்ப்யூட்டர் கேடாயிப் போச்சுன்னு நெனைப்பானுவ" என்பார். பெரிய திரையில் தாமரைப்பூப் படம் போட்ட ஒரு ஐக்கான் செய்து வைத்துக்கொண்டார். அதை இரண்டு தரம் தட்டினாலும் திறப்பது இதே கிராஸ்தான். எந்த வரைபடத்தைத் திறப்பது என்பதை நான்கு கம்ப்யூட்டருக்கும் பொதுவான ஒரு சின்ன ஃபைலில் இருக்கிற ஒரு வரியைப் பார்த்து அது தெரிந்துகொள்ளும். அப்படி ஒரு ஃபைல் இருப்பதே அவருக்குத் தெரியாது.

அந்த வருஷம் அவர்களுக்குக் கிடைத்த வேலை அருளப்பன்துறை. கடலோரத்தில் அறுபத்துநான்கு வீடு. அலை வந்து பாதி கொண்டுபோன வீடுகள். கடலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு உள்ளே தள்ளிப் புது வீடு என்று திட்டம். இருநூறைத் தாண்டினால் ஒன்றும் இல்லை. எந்த வீடு எத்தனை மீட்டர் என்று பட்டியல் கொடுக்க வேண்டியது ஸ்மிதா ஜியோ சொல்யூஷன்ஸ்.

இந்த மென்பொருளில் வேலை தொடங்கும்போதே 'லொகேஷன்' ஒன்றைத் திறந்து, நிலத்தை எந்தக் கணக்கில் அளப்பது என்று சொல்லிவிட வேண்டும். பழைய அச்சு வரைபடம் வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. ஜான்ரோஸின் பெட்டி சாட்டிலைட் கணக்கு. ஒன்றை இன்னொன்றுக்கு எப்படி மாற்றுவது என்று அது ஒரு பட்டியலைக் காட்டிக் கேட்கும். நிதானமாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

குமாரதாஸ் அதற்குத் திறப்பு விழா வைத்தார். வெள்ளிக்கிழமை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், கீபோர்டுக்குப் பிச்சிப்பூ, மௌஸுக்குக் குங்குமம். பூசாரி வரத் தாமதமாகிவிட்டது. பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது. பத்து இருபத்தேழுக்கு முதலாளி தன் கையாலேயே திறக்க உட்கார்ந்தார். திரையில் கேள்வி வந்தது. முதல் விடை, 'எந்த மாற்றமும் வேண்டாம்.' மாற்றம் வேண்டாம் என்றால் நல்லதுதானே என்று அதைத் தட்டினார். பத்து இருபத்தொன்பதுக்கு 'ஸ்மிதா' என்ற லொகேஷன் பிறந்தது. எல்லோருக்கும் லட்டு.

ஜெயபாய் அன்று லட்டைத் தின்றுகொண்டு பின்னால்தான் நின்றாள். திரையைப் பார்க்கவில்லை. அவர் முதுகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு மூன்று வாரம் அதே லொகேஷனுக்குள் அறுபத்துநான்கு வீட்டையும் தன் விரலாலேயே அடித்து ஏற்றினாள்.

சனிக்கிழமை மத்தியானம் அறிக்கை அச்சாகி வந்தது. இருநூறு மீட்டருக்குள் பத்தொன்பது வீடு. மீதி நாற்பத்தைந்து வெளியே. பிழை திருத்துகிறவளாகப் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தவளின் விரல் ஒரு வரியில் நின்றது. செசிலி, 221 மீட்டர்.

செசிலி கொட்டாரம் சந்தையில் மீன் விற்கிறவள். பன்னிரண்டு வருஷமாக ஜெயபாய்க்குச் சாளையும் அயிலையும் அவள் கடவப் பெட்டியிலிருந்துதான். போன தை மாதம் அவள் மகள் கல்யாணத்துக்கு ஜெயபாய் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் போட்ட பந்தலில் சாப்பிட்டபோது இலையில் உப்புத் தூவானம் விழுந்தது. இருநூற்று இருபத்தொரு மீட்டரிலிருந்து எந்தக் கடலும் இலையில் தூவானம் போடாது.

வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். ஊர் முகப்பில் இருக்கிற குருசடி, அந்தச் சின்னச் சிலுவைக் கோவில், பழைய வரைபடத்திலும் இருந்தது. ஜான்ரோஸும் அதைப் பெட்டியில் பதிந்திருந்தார். இரண்டும் ஒரே புள்ளியில் விழ வேண்டும். திரையில் இரண்டு குருசடி இருந்தன. இரண்டுக்கும் நடுவில் இருநூற்று முப்பது மீட்டருக்கு மேல். பழைய கணக்குக் கடற்கரை அப்படியே சாய்வாக நகர்ந்து, நூற்று முப்பது மீட்டர் போலக் கடலுக்குள் தள்ளிக் கிடந்தது. கரை தள்ளிப்போனதால் வீடுகளெல்லாம் பத்திரமான தூரத்துக்கு வந்துவிட்டன.

லொகேஷன் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேட்க ஒரே ஒரு கட்டளை. அதை அடித்தாள். மாற்றம் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. மூன்று வாரத்தில் ஒரு தரம் இதைக் கேட்டிருக்கலாம். ஊரில் எல்லோரையும் மட்டம் தட்டுகிற நீ என்ன கிழித்தாய், முதலாளி கொடுத்ததை அப்படியே அடித்தாயே, கிளிக்கு கோஷ்டியைவிட நீ எந்த விதத்தில் உசத்தி என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

குமாரதாஸிடம் சொன்னாள். அவர் இரண்டு குருசடியையும் பார்த்தார்.

"ரெண்டு இருந்தா என்னவாக்கும்? தெய்வ காரியம் கூடக் கெடக்கட்டும்."

"சார், ஊருல ஒண்ணுதான் உண்டு. இந்த லொகேஷன் தப்பு. புதுசா ஒண்ணு தொறந்து எல்லாத்தையும் மாத்தணும். ரெண்டு மணிக்கூர் சோலி."

"அது நல்ல நேரத்துல தொறந்ததாக்கும் டீச்சரே. எனக்க மகளுக்க பேரு. அத மூடிட்டு வேற தொறக்கவா? திங்கக்கிழம பத்தேகாலுக்குத் திட்ட ஆபீஸ் மேடம் கையெழுத்துப் போட வாறாங்க. தொடப்பிடாது, கேட்டீரா?"

நாற்பத்தைந்து குடும்பம் கடல் வாசலிலேயே கிடந்து சாகலாம், ஆனால் அவர் மகள் பேரை மூடக்கூடாது. இந்தத் தலைக்குள் மூளை வைத்தவன் ஸ்டோரில் ஸ்பேனரை எண்ணி வைத்த மாதிரிதான் வைத்திருக்கிறான் என்று ஜெயபாய் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐம்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு அருளப்பன்துறைக்குப் பஸ் ஏறினாள். செசிலி ஒரு நுனியைப் பிடித்தாள், இவள் மறுநுனியை. பின்வாசல் படியிலிருந்து, பெரிய அலை வந்து நனைத்துவிட்டுப் போகிற கோடு வரைக்கும் தொண்ணூற்றொரு மீட்டர்.

"என்ன டீச்சரே, எங்கள விட்டிருவாவளா?" என்று செசிலி கேட்டாள். சுனாமி இடித்த சமையலறைச் சுவருக்குப் பதில் அங்கே தகரம் நின்றது. "ஆனி ஆடி வந்தா அடுப்புல தண்ணி கேறும். வீடு கெடைக்காதுன்னா இப்பமே சொல்லிரும். மவ வூட்டுலயாவது போய்க் கெடக்கேன்."

"அளவு தப்பு. நானாக்கும் அடிச்சேன். நானே மாத்துவேன்" என்றாள் ஜெயபாய். மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

திங்கட்கிழமை அலுவலகச் சாவி எப்போதும் அவளிடம்தான். ஏழே முக்காலுக்கு உள்ளே போய்க் கறுப்புத் திரையைத் திறந்தாள். சந்தனமும் இல்லை, பிச்சிப்பூவும் இல்லை. புது லொகேஷன் ஒன்றைத் திறந்தாள். அதே கேள்வி வந்தது. ஒவ்வொரு விடையாகப் படித்துச் சரியானதைக் கொடுத்தாள். பெயர் கேட்டது. 'குருசடி' என்று வைத்தாள். கரைக்கோட்டையும் வீட்டுப் புள்ளிகளையும் புதுக் கணக்கில் கொண்டுவந்து சேர்த்தாள். இரண்டு குருசடியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. இருநூறு மீட்டருக்குக் கோடு இழுக்கச் சொன்னாள். உள்ளே விழுந்தது அறுபத்தொரு வீடு. செசிலி ஏழாவது பெயர், தொண்ணூற்றிரண்டு மீட்டர். டேப்புக்கும் இதற்கும் ஒரு மீட்டர் வித்தியாசம், அது போகட்டும். கடைசியாக அந்தச் சின்ன ஃபைலைத் திறந்து, ஸ்மிதா என்று இருந்த வரியில் குருசடி என்று மாற்றி அடித்தாள்.

பத்தேகாலுக்குத் திட்ட அலுவலகத்து மேடம் வந்தார். குமாரதாஸ் இளநீர் கொடுத்துவிட்டுத் தாமரைப்பூவைத் தட்டினார். பூ திறக்கவில்லை. இந்த வரைபடத்துக்குள் ஏற்கனவே ஒருவர் இருக்கிறார், இன்னொருவர் நுழைய முடியாது என்று ஒரு வரி வந்து நின்றது. கிராஸில் அப்படித்தான். ஒருவர் உள்ளே இருக்கும்வரை இரண்டாவது ஆளுக்குக் கதவு பூட்டு.

"யாரு உள்ள?" என்று கத்தினார்.

"நான்தான் சார்" என்ற ஜெயபாய் தன் கம்ப்யூட்டரை மேடத்தின் பக்கம் திருப்பினாள். "படம் இங்க இருக்கு மேடம்."

மேடம் திரையைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த அச்சு அறிக்கையைப் பார்த்தார். "இதுல பத்தொன்பது. அதுல அறுபத்தொண்ணு. எது சரி?"

"அச்சடிச்சதுதான் மேடம்" என்றார் குமாரதாஸ். "அது நான் முகூர்த்தம் பாத்துத் தொறந்தது."

"மேடம் நேர்ல போயிருக்கீங்க இல்லியா? அங்க குருசடி எத்தன?" என்று ஜெயபாய் கேட்டாள்.

"ஒண்ணு."

அச்சு அறிக்கையில் இருந்த படத்தை விரித்து இரண்டு இடத்தில் விரலை வைத்தாள். மேடம் படித்தவர், வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அறிக்கையை மூலையில் இருந்த குப்பைக் கூடையில் போட்டார். புதுப் பட்டியலை அச்செடுக்கச் சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

"நீரு இத எப்பம் தொறந்தீரு?" என்று குமாரதாஸ் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"இன்னைக்குக் காலத்த. எட்டு மணிக்கு."

"திங்கக்கிழம எட்டு மணிக்கா? நல்ல ராகுகாலத்துலயா?" அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

படித்த மேடமாவது சிரிப்பார் என்று ஜெயபாய் எதிர்பார்த்தாள். மேடம் மெதுவாகத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்திரண்டு. பேனாவை மூடினார்.

"எமகண்டம் பொறந்தாச்சு. பன்னெண்டுக்கு மேல போட்டுக்கிறேன்."

இன்ஜினியரிங் படிப்பு, அரசாங்க ஜீப், கழுத்தில் அடையாள அட்டை. எமகண்டம். இவர்களுக்கு சாட்டிலைட் வேறு ஒரு கேடு என்று ஜெயபாய் நினைத்துக்கொண்டாள்.

மேடம் கீழே சிப்ஸ் வாங்கப் போனதும் குமாரதாஸ் வந்து பக்கத்தில் நின்றார். "டீச்சரே, வெளிய வாரும். பழையத நான் தொறந்துக்கிடுறேன். ரெண்டு குருசடியில ஒண்ண அழிச்சுப் போட்டா யாருக்குத் தெரியும்?"

"நான் உள்ள இருக்கேன் சார்" என்றாள்.

வெளியே வர ஒரே ஒரு சொல் அடித்தால் போதும், எக்ஸிட். அடித்தால் தாமரைப்பூ திறந்துகொள்ளும், உள்ளே போய் அவர் எதை அழிப்பாரோ என்று அவள் அடிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கீபோர்டின்மேல் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். டீ வந்தது, குடிக்கவில்லை. ஒண்ணுக்குப் போகவேண்டும் போல இருந்தது, அடக்கிக்கொண்டாள். குமாரதாஸ் தாமரைப்பூவை நாற்பது தரமாவது தட்டியிருப்பார். ஒவ்வொரு தரமும், உள்ளே ஒருவர் இருக்கிறார் என்ற அதே வரி.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷத்தில் மேடம் வந்து புதுப் பட்டியலின் நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். முதல் பக்கத்தில் ஏழாவது வரியில் செசிலி இருந்தாள். மை காய்ந்து, தாள் மேடத்தின் பைக்குள் போய், ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்கிறவரை ஜெயபாய் காத்திருந்தாள். பிறகு எக்ஸிட் என்று அடித்தாள்.

கறுப்புத் திரை தற்காலிக ஃபைல்களைத் துடைத்தேன் என்று ஒரு வரி எழுதி, போய் வாருங்கள் என்று இன்னொரு வரி எழுதி மூடிக்கொண்டது. அந்த மாடியில் அன்றைக்கு அவளிடம் மரியாதையாகப் பேசியது அது ஒன்றுதான்.