குகையில் கேட்ட பெயர்

அப்பாவின் பெயரை அம்மா வாயால் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைப் பார்ப்பாள், நான்தான் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எனக்கு ஏழு வயதானபோது, பாலக்கரையிலிருந்து நாங்கள் மூன்று பேரும் பஸ் மாறி மாறிக் கொல்லிமலை அடிவாரத்து அருவிக்குப் போனோம். காட்டின் நுழைவாயிலில் வனத்துறை கார்டு ஒருவர் அப்பாவின் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். "அருவிக்குப் பக்கத்துல குகை இருக்கு, உள்ள போயிடாதீங்க. கரடி படுத்திருக்கும்" என்றார். போகாதே என்றால் போவதுதான் அப்பாவின் சுபாவம். அம்மா புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள், "எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்" என்று குகைக்குள் நுழைந்துவிட்டார்.

வெகுநேரமாகியும் வரவில்லை. குகை வாசலில் நின்று "அப்பா" என்று கத்தினேன். அருவியில் குளித்துக்கொண்டிருந்த நாலைந்து அப்பாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா, "என்னங்க, என்னங்க" என்றாள். குகையும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. கரடி அவரைத் தின்றுவிட்டது என்று முடிவுகட்டி நான் அழ ஆரம்பித்தேன்.

பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டு, வாயருகே இரண்டு கைகளையும் குவித்து, அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முன்னும் பின்னும் ஒன்றும் இல்லாத வெறும் பெயர். குகை அதை மூன்று தடவை சொன்னது. நான் அழுகையை நிறுத்திவிட்டேன். கரடியைவிட இது பெரிய விஷயமாகப் பட்டது.

"இதோ வந்துட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தலையெல்லாம் ஒட்டடையோடு அப்பா வெளியே வந்தார்.

"யாரோ என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே?"

"அந்த கார்டுதான்" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கார்டுக்கு அப்பாவின் பெயர் தெரியாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா ஓர் உருண்டைப் புளியோதரையை அதில் திணித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா எழுந்தார். "துண்டை உள்ளயே விட்டுட்டேன் போலருக்கு. எடுத்துட்டு வரேன். லேட்டானா கூப்பிடு" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடியும் குகைப் பக்கம் நடந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

துண்டு அவர் தோளில்தான் கிடந்தது. "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டே ஓடி, குகை வாசலிலேயே பிடித்து, துண்டைத் தொட்டுக் காட்டி, அவரைக் கையோடு அழைத்து வந்தேன். இவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணை இருவரும் ஏன் பாராட்டவில்லை என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்.

அதற்குப் பிறகு அம்மா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு நான் ஓடாமல் இருந்திருக்கலாம்.